‘சும்மா ஜோக்குதாங்க’: வேலையிடத்தில் இழிவான நகைச்சுவையைக் கையாள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதி, மதம், நிறம், உடல், ஊர், மொழி, பாலினம், மாற்றுத்திறன் ஆகியவற்றை வைத்து அலுவலகத்திலும் ஆலையிலும் கடையிலும் அடிக்கப்படும் ‘ஜோக்’குகள் பற்றிய பக்கம் இது. தமிழ்நாட்டில் வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். சட்டங்கள் பெரும்பாலும் இந்தியா முழுமைக்கும் பொருந்துபவை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அது ஜோக்கா இல்லையா, அவர் மனதில் என்ன இருந்தது என்ற விவாதத்துக்குள் போனால் புகார் சொன்னவர்தான் களைத்துப் போவார். என்ன சொல் சொல்லப்பட்டது, எங்கே, யார் முன்னால், எத்தனையாவது முறை: இந்த நான்கையும் விடாமல் பிடித்துக்கொண்டால் பேச்சு வேறு திசையில் போகும். கீழே வரும் பதில்களில் பாதி இதன் விரிவுதான்.

சாதாரணக் கிண்டலுக்கும் இழிவுக்கும் கோடு எங்கே இருக்கிறது?

கிண்டல் எதைத் தொடுகிறது என்று பாருங்கள். பத்து மணி மீட்டிங்குக்குப் பதினொன்றுக்கு வருபவரை ஓட்டினால், அவர் செய்ததை ஓட்டுகிறீர்கள். நாளைக்கு அவர் நேரத்துக்கு வந்துவிட்டால் ஜோக் செத்துவிடும். ‘கோட்டாவுல வந்தவரு, அதான் கோடிங் இப்படி இருக்கு’ என்றால், அவர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அந்த ஜோக் சாகாது. பிறப்பையும் உடலையும் தொடுபவை இந்த இரண்டாவது வகை.

அடுத்து, திருப்பி அடிக்க முடியுமா என்று பாருங்கள். மேனேஜர் பயிற்சியாளரின் நிறத்தைப் பார்த்து ‘லைட்டைப் போடுங்கப்பா, ஆள் எங்கன்னே தெரியல’ என்கிறார். பயிற்சியாளர் மேனேஜரின் வழுக்கையைப் பற்றி அதே குரலில் அதே இடத்தில் சொல்ல முடியுமா? முடியாது என்றால் அங்கே நடப்பது இருவர் விளையாட்டு இல்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. ரம்ஜானுக்கு ‘பாய், பிரியாணி எங்க?’ என்று ஒரு நண்பர் கேட்பது ஒன்று. வருடம் முழுக்க ஒருவருக்குப் பெயரே இல்லாமல் ‘பாய்’ மட்டும் இருந்து, பாகிஸ்தான் ஆடும் ஒவ்வொரு மேட்ச் அன்றும் எல்லோரும் அவர் முகத்தையே பார்ப்பது வேறொன்று.

‘நான் அந்த அர்த்தத்துல சொல்லலையே’ என்கிறார். அதோடு முடிந்துவிட்டதா?

இல்லை. 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு மென்பொருள் நிறுவனம் தொடர்ந்த வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் சட்டம் செய்தவரின் நோக்கத்தைவிட, செய்த செயலுக்கும் அது எதிரில் இருப்பவருக்கு வேண்டாததாக இருந்ததா என்பதற்கும்தான் முக்கியத்துவம் தருகிறது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லாமே குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வங்கியின் பயிற்சி வகுப்பில் பெண் ஊழியரின் நீண்ட கூந்தலைப் பார்த்து, ஜேசிபி வைத்துத்தான் இதைப் பராமரிப்பீர்கள் போல என்று ஒருவர் சொன்னார். கூந்தலைப் பற்றிய பழைய இந்திப் பாட்டு வரி ஒன்றையும் பாடினார். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் வங்கியின் உள்ளகக் குழு அவர் மீது குற்றம் கண்டது. 2025 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம், நடந்ததாகச் சொல்வதை அப்படியே ஏற்றாலும் அது பாலியல் துன்புறுத்தல் ஆகாது என்று சொல்லிவிட்டது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் நடைமுறைப் பாடம் இது: ஒற்றை வாக்கியத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை, வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்ந்ததா என்பது, அதனால் வேலையில் வந்த பாதிப்பு, எல்லாம் சேர்ந்தால்தான் புகாருக்கு எடை வரும். இன்னொன்றும் உண்டு. பாலியல் துன்புறுத்தல் ஆகாத பேச்சு, நிறுவனத்தின் ஒழுங்கு விதிப்படி தவறாக இருக்கலாம். அந்தக் கதவு எப்போதும் தனியாகத் திறந்திருக்கிறது.

அந்த நிமிடத்தில் என்ன சொல்வது? வாயடைத்துப் போய்விடுகிறதே.

நீளமாகப் பேச வேண்டாம். பத்துச் சொல்லுக்குள் ஒரு வரி, சாதாரணக் குரலில். கீழே இருப்பவற்றில் உங்கள் வாய்க்கு வருவதை இரண்டு முறை வீட்டிலேயே சொல்லிப் பாருங்கள். முதல் முறை வாயில் வராது என்பதுதான் எல்லோருக்கும் இருக்கும் சிக்கல்.

‘புரியலையே சார், இதுல எது சிரிப்பு?’ இது கேள்வி. பதில் சொல்ல வேண்டிய பாரம் அவர் தலைக்குப் போகிறது. ஒரு சாதி ஜோக்கை விளக்கிச் சொல்லத் தொடங்கினால் அதற்குள் இருக்கும் சாதி வெளியே வந்துவிடும். பெரும்பாலானோர் ‘சரி விடுங்க’ என்று நகர்ந்துவிடுவார்கள்.

‘அண்ணே, என் நிறத்தை வெச்சு வேணாம்ணே.’ கடை, பட்டறை, லைன் வேலை நடக்கும் இடங்களில் இது எடுபடும். உறவும் முறியாது, கோடும் விழுந்துவிடும்.

‘நேத்தும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். இது எனக்குப் பிடிக்கல.’ இரண்டாவது முறைக்கு உரியது. பிற்பாடு புகார் கொடுக்கும்போது ‘வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்’ என்பதற்கு இந்த வரிதான் சாட்சி.

தவிர்க்க வேண்டியவை: பதிலுக்கு அவர் சாதியையோ உடலையோ இழுப்பது (இருவரும் சண்டை போட்டார்கள் என்று கோப்பில் போய்விடும்), ‘நீ ஒரு சாதி வெறியன்’ என்று ஆளுக்கு முத்திரை குத்துவது (பேச்சு உடனே அவருடைய நல்ல குணங்களைப் பற்றியதாக மாறிவிடும்). சொன்ன சொல்லைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

அந்த நேரத்தில் எதுவுமே சொல்ல வரவில்லையா? பரவாயில்லை. அன்று மாலையே ஒரு செய்தி போடலாம்: ‘இன்னைக்கு லஞ்ச்ல என் ஊரைப் பத்திச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. இனிமே வேணாம்.’ நேரில் சொல்வதைவிட இதற்கு ஒரு கூடுதல் பயன் உண்டு: தேதியோடு இருக்கும்.

அப்போது நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். இனி புகார் சொன்னால் எடுபடுமா?

எடுபடும். சங்கடத்தில் சிரிப்பது எல்லோரும் செய்வது. மேலதிகாரி அடித்த ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் விசாரணையில் இதைக் கேட்பார்கள். ‘ஆமாம், சிரித்தேன். டீம் முழுக்க இருந்தது, அப்ரைசல் மாதம். அன்று மாலையே இன்னாரிடம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன்’ என்று உள்ளதைச் சொன்னால் போதும். சிரிக்கவே இல்லை என்று மறுத்து, யாராவது எடுத்த வீடியோவில் சிரித்துக்கொண்டிருந்தால் மற்ற எல்லாமும் சேர்ந்து நம்பகம் இழக்கும்.

ஜோக் என்னைப் பற்றி இல்லை. பக்கத்தில் இருப்பவரைப் பற்றி. நான் ஏன் தலையிட வேண்டும்?

தாமஸ் ஃபோர்ட், மார்க் ஃபெர்குசன் என்ற இரு உளவியலாளர்கள் 2004இல் இதைப் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். இழிவு நகைச்சுவை நல்லவரைக் கெட்டவராக்குவதில்லை. ஏற்கெனவே மனதில் வெறுப்பு இருப்பவருக்கு ‘இங்கே இதெல்லாம் நடக்கும்’ என்ற அனுமதியைக் கொடுக்கிறது என்பது அதன் சாரம். அந்த அனுமதியைக் கொடுப்பது ஜோக் அடித்தவர் மட்டும் இல்லை. சிரித்த பத்துப் பேரும்தான்.

ஆகவே குறைந்தபட்ச வேலை: சிரிக்காதீர்கள். முகத்தை மாற்றாமல் பேச்சை மாற்றுங்கள். அடுத்த படி: ‘இது வேணாம்ப்பா’ என்று ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்டவர் சொன்னால் ‘பெர்சனலா எடுத்துக்கிறான்’ என்பார்கள். சம்பந்தமில்லாதவர் சொன்னால் அப்படித் தள்ள முடியாது. பிறகு தனியே போய் அவரிடம் கேளுங்கள்: ‘நான் கேட்டேன். நீங்க புகார் குடுத்தா நான் சாட்சி சொல்றேன். குடுக்கலைன்னாலும் சரி.’ அவரைக் கேட்காமல் நீங்களே ஹெச்ஆருக்கு ஓடாதீர்கள். தன் சாதியோ பாலின அடையாளமோ அலுவலகத்தில் தெரியக்கூடாது என்று அவர் காத்து வந்திருக்கலாம். உங்கள் நல்லெண்ணம் அதைப் போட்டு உடைத்துவிடும்.

ஆபீஸ் வாட்ஸப் குழுவில் மீம்ஸ் வருகிறது. என்ன செய்வது?

முதலில் ஆதாரம், பிறகு பேச்சு. அனுப்பியவர் ‘எல்லோருக்கும் நீக்கு’ கொடுக்க இரண்டு நாளுக்கும் மேல் அவகாசம் இருக்கிறது. நீங்கள் எதிர்ப்புச் சொன்ன மறு நிமிடம் மீம் காணாமல் போகும். குழுவின் பெயர், அனுப்பியவரின் எண், தேதி, நேரம், அதற்கு முன்னும் பின்னும் வந்த நாலைந்து செய்திகள், யார் யார் சிரிப்பு எமோஜி போட்டார்கள் என்பது, எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். படத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்தால் அது எங்கிருந்தோ வந்த மீம்தான். அவர் அனுப்பினார் என்பது அதில் இல்லை. குழு அமைப்பில் இருக்கும் ‘எக்ஸ்போர்ட் சாட்’ மூலம் முழு உரையாடலையும் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். ஆனால் சில குழுக்களில் அதைத் தடுத்து வைத்திருப்பார்கள். அப்படியென்றால் திரையை மேலிருந்து கீழே நகர்த்தி வீடியோவாகப் பதியுங்கள். போனை மாற்றினாலும் பழைய போனை அழிக்காதீர்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனால், மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள்.

குழு ‘அன்அஃபிஷியல்’ என்பது பெரிய தப்பிக்கும் வழி இல்லை. குழுவில் இருப்பவர்கள் எல்லாம் ஒரே டீம், அதில் ஷிஃப்டும் லீவும் பேசப்படுகிறது என்றால், அது வேலையோடு ஒட்டியதுதான் என்று வாதிடலாம். அட்மின் என்பதற்காக மட்டும் மற்றவர் போட்ட பதிவுக்கு ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதற்காக அட்மின் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மற்றவர் பதிவையும் நீக்கும் வசதி அவருக்கு உண்டு.

குறித்து வைக்கச் சொல்கிறார்களே, எப்படிக் குறிப்பது?

‘இன்றும் என்னை இழிவுபடுத்தினார்’ என்று எழுதினால் அது டைரி. கீழே இருப்பதுதான் குறிப்பு:

‘12.08, செவ்வாய், காலை 11.10. இரண்டாம் மாடி பேன்ட்ரி. நான், ர., ஜெ., டீம் லீட். நான் டம்ளர் எடுத்தேன். டீம் லீட்: “உங்களுக்குத் தனி டம்ளர் வெச்சிருக்கோமே, பாக்கலையா?” ர. சிரித்தார். நான் “இந்தப் பேச்சு வேணாம் சார்” என்றேன். அவர்: “காமெடி பண்ணா புரிஞ்சுக்கணும்.” ஜெ. எதுவும் பேசாமல் வெளியே போனார். மாலை 4 மணிக்கு ஜெ.விடம் பேசினேன், தானும் கேட்டதாகச் சொன்னார்.’

சொன்ன சொல்லை அப்படியே, பேச்சு வழக்கிலேயே, எழுதுங்கள். கெட்ட வார்த்தை என்று புள்ளி வைத்து மறைக்காதீர்கள். அன்றைக்கே எழுதி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டால் தேதி தானாகப் பதிவாகிவிடும். அலுவலக லேப்டாப்பில் மட்டும் வைக்காதீர்கள். நீங்கள் விலகும் நாளில் அது உங்கள் கையில் இருக்காது.

பாலியல் ஜோக், இரட்டை அர்த்தப் பேச்சு. முறையான வழி என்ன?

2013ஆம் ஆண்டின் பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பாலியல் சாயலுள்ள பேச்சையும் ஆபாசப் படம் காட்டுவதையும் பெயர் சொல்லியே துன்புறுத்தல் பட்டியலில் வைத்திருக்கிறது. கம்பெனி வண்டி, வெளியூர் டூர், டீம் அவுட்டிங் எல்லாம் அந்தச் சட்டத்தில் வேலையிடம்தான்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். தலைவர் மூத்த பொறுப்பில் உள்ள பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். பெயர்களை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். குழுவே அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான கடை, பட்டறை, அல்லது முதலாளியே எதிர்மனுதாரர் என்றால், மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். ஒன்றிய அரசின் ஷி-பாக்ஸ் இணையதளத்திலும் பதியலாம்.

காலக்கெடுதான் பலரும் கோட்டை விடும் இடம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தாமதத்துக்குக் காரணம் சொன்னால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ‘நிற்கும், நிற்கும்’ என்று ஏழு மாதம் பொறுத்துப் போய், இடையில் அவரும் வேறு டீமுக்குப் போயிருந்தால் சிக்கல்.

புகார், ஆதாரங்கள், சாட்சிகளின் பெயர் முகவரி எல்லாம் சேர்த்து ஆறு பிரதிகள் என்பது விதி. எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை. ஏழு வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் பிரதி போகும். அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். முடிந்த பத்து நாளில் அறிக்கை. நிறுவனம் 60 நாளுக்குள் நடவடிக்கை. இரு தரப்புமே குழுவின் முன் வக்கீல் வைக்க முடியாது.

விசாரணை நடக்கும்போது நீங்கள் எழுத்தில் கேட்டால், இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ கிடைக்கலாம். உங்கள் வேலையை மதிப்பிடும் பொறுப்பு அவரிடமிருந்து எடுக்கப்படலாம். இந்தக் கடைசி ஏற்பாட்டைப் பலர் கேட்பதே இல்லை. மேனேஜர் மீது புகார் கொடுத்துவிட்டு அவரிடமே ரேட்டிங் வாங்கப் போகிறார்கள்.

சமாதானம் பேசலாமா என்று குழு தானாகத் தொடங்கக்கூடாது. நீங்கள் கேட்டால் மட்டும்தான். பணம் கொடுத்து முடிப்பது அதற்கு அடிப்படையாக இருக்கவே கூடாது. ‘நிரூபிக்க முடியலைன்னா உன் மேலேயே நடவடிக்கை வரும்’ என்று யாராவது மிரட்டினால் நம்ப வேண்டாம்: தெரிந்தே பொய் சொன்னதாக விசாரித்து முடிவு செய்தால்தான் நடவடிக்கை, ஆதாரம் போதாமை மட்டுமே அதற்குக் காரணம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது.

காவல் நிலையம் தனி வழி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவு பாலியல் சாயலுள்ள பேச்சுக்கு ஓராண்டு வரை சிறையும், 79ஆம் பிரிவு பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் சைகைக்கும் மூன்றாண்டு வரை சிறையும் சொல்கின்றன. பெண்கள் உதவி எண் 181.

ஆண்களுக்கும் திருநர்களுக்கும்?

2013 சட்டத்தில் புகார்தாரர் பெண்ணாக இருக்க வேண்டும். எதிர்மனுதாரர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே பாலினத்தவர் மீதும் புகார் செல்லும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2020இல் சொன்னது. ஆண்களுக்கு நிறுவனத்தின் சொந்தக் கொள்கைதான் வழி. பல நிறுவனங்களின் கொள்கை எல்லாப் பாலினத்துக்கும் பொதுவாக எழுதப்பட்டிருக்கிறது, எடுத்துப் படித்துப் பாருங்கள். திருநர்களுக்கு, 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். ‘எங்க ஆபீஸ்ல அப்படி யாரும் இல்லையே’ என்பது நியமிக்காததற்குக் காரணம் ஆகாது.

சாதி ஜோக்குக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா?

சில நேரம். 1989 சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் இங்கே பேசப்படுபவை. பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரை, அதைச் சேராத ஒருவர், பொதுப் பார்வையில் படும் இடத்தில், சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு அவமதித்தாலோ சாதிப் பெயர் சொல்லித் திட்டினாலோ ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. முன்ஜாமீன் பொதுவாகக் கிடையாது. விசாரிப்பவர் டிஎஸ்பி நிலையில் உள்ள அதிகாரி.

வழக்குகள் உடையும் இடம் ‘பொதுப் பார்வை’. திருச்சி மாவட்டம் லால்குடிப் பக்கம், ஒரு வருவாய் ஆய்வாளரை அவருடைய அலுவலகத்திலேயே சாதியைச் சொல்லித் திட்டியதாக ஒரு வழக்கு. சக ஊழியர்கள் பிறகுதான் உள்ளே வந்தார்கள்; பேச்சு நடந்தபோது நான்கு சுவருக்குள் வேறு யாரும் இல்லை. அதனால் இது பொதுப் பார்வையில் நடக்கவில்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. மேலே சொன்ன குறிப்பில் ‘யார் யார் இருந்தார்கள்’ என்பதை வலியுறுத்தியது இதற்காகத்தான். கேபினுக்குள் தனியாகச் சொன்னது ஒன்று. பேன்ட்ரியில் நாலு பேர் முன்னால் சொன்னது வேறொன்று.

இன்னொரு தடை: பல சாதி ஜோக்குகளில் சாதிப் பெயரே இருக்காது. ‘எந்தத் தெரு?’, ‘கோட்டா’, ‘முதுகைத் தட்டினா பூணூல் இருக்கான்னு தெரிஞ்சுடும்’, ‘உங்க ஆளுங்கதானே இப்ப எல்லாம்’ என்பது போல மறைபேச்சாக இருக்கும். புகாரில் அந்தச் சொற்களை மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. இந்தச் சொல் இங்கே எதைக் குறிக்கிறது, இதற்கு முன் அவர் எப்போது இதே பொருளில் பயன்படுத்தினார் என்று ஒரு வரி சேருங்கள்.

வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566. மாவட்டக் காவல்துறையில் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு இருக்கிறது. சாதிச் சான்றிதழ் நகலைத் தயாராக வைத்திருங்கள். விசாரணையில் அதைக் கேட்பார்கள்.

நிறம், மதம், ‘வடக்கன்’ ஜோக், ஊர்ப் பேச்சைக் கிண்டல் செய்வது?

உண்மையைச் சொன்னால், இங்கேதான் சட்டம் மெலிந்து கிடக்கிறது. தனியார் வேலையிடத்தில் மதம், சாதி, நிறம், மாநிலம் எல்லாவற்றுக்கும் பொதுவான பாகுபாட்டுத் தடைச் சட்டம் இந்தியாவில் இல்லை. மத உணர்வைப் புண்படுத்தும் குற்றத்துக்கு வேண்டுமென்றே செய்தார் என்று காட்ட வேண்டும். பேன்ட்ரி ஜோக்கைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் அலைச்சல்தான் மிஞ்சும்.

எனவே ஹெச்ஆர் வழியை நன்றாகப் பயன்படுத்துங்கள். நிறுவனத்தின் நடத்தை விதித் தொகுப்பை எடுங்கள். ‘கண்ணியம்’, ‘மரியாதை’, ‘பாகுபாடு’ என்று எந்த வரியில் வருகிறது என்று பாருங்கள். மின்னஞ்சலில் அந்த வரியைக் குறிப்பிட்டு, மூன்று சம்பவங்களைத் தேதியோடு எழுதி, என்ன நடக்க வேண்டும் என்று ஒன்றை மட்டும் கேளுங்கள்: ‘இந்தப் பெயரால் என்னை அழைப்பது நிற்க வேண்டும், நடவடிக்கை என்ன என்று பத்து வேலை நாளில் எழுத்தில் தெரிவிக்கவும்.’ ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடித்தால் தக்க பதிலே வராது. பெரிய வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால், வாடிக்கையாளரின் நடத்தை விதியும் ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். திருப்பூர், அம்பத்தூர் ஆலைகளுக்கும் இது பொருந்தும். வாங்கும் பிராண்டுகளின் தணிக்கையாளர்கள் வரும்போது குறைதீர்ப்புப் பதிவேட்டைக் கேட்பார்கள். பீகார், ஒடிசா தொழிலாளிகள் தமிழில் எழுதப் போவதில்லை. இந்தியிலோ ஒடியாவிலோ சொன்னதைப் பதிவேட்டில் ஏற்ற ஓர் ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டியது நிர்வாகம்.

உடல் ஊனத்தை வைத்து, திக்குவாயை நடித்துக் காட்டி…

இதற்குச் சட்டம் இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 92ஆம் பிரிவு: பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள தனியார் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கையில் ஒரு தொடர்பு அலுவலரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். முதலில் அவரிடம் போங்கள். அடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்.

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திரைப்படச் சித்தரிப்பு பற்றிய ஒரு வழக்கில் பயனுள்ள ஒரு வேறுபாட்டைக் காட்டியது: மாற்றுத்திறனாளியைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறன் பற்றிய புரிதலைக் கூட்டும் நகைச்சுவை வேறு. பேன்ட்ரிக்கும் இது சரியான அளவுகோல். பார்வையற்ற ஊழியர் தானே ‘எனக்கு பவர்கட் பிரச்சினை இல்லப்பா’ என்று சொல்லிச் சிரிக்க வைப்பதும், அவர் நடக்கும்போது நாற்காலியை நகர்த்திவிட்டு மற்றவர்கள் சிரிப்பதும் ஒன்றில்லை.

அவரே தன்னைக் கிண்டல் செய்துகொள்கிறாரே, நாங்கள் செய்தால் என்ன?

அவர் சொல்வது உங்களுக்குத் தரப்பட்ட அனுமதிச் சீட்டு இல்லை. பல நேரம், மற்றவர் சொல்லும் முன் தானே சொல்லிவிட்டால் வலி குறைவு என்ற தற்காப்பாகவும் இருக்கும்.

அரசு அலுவலகத்தில்?

வழி அதேதான், பெயர்கள் வேறு. உள்ளகக் குழு, இல்லையென்றால் துறைத் தலைவருக்கு மனு. தமிழ்நாடு அரசுப் பணியாளர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(ஏ), 17(பி) விதிகளின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரலாம்; பெரிய தண்டனைக்கு வழி 17(பி). மனுவைத் தபால் பிரிவில் கொடுத்து, முத்திரையும் தேதியும் போட்ட நகல் வாங்காமல் வராதீர்கள்.

நான் டீம் லீட். என் கண் முன்னால் நடந்தால்?

அங்கேயே ஒரு வரி: ‘இது இங்க வேணாம். அடுத்த பாயிண்டுக்குப் போவோம்.’ மீட்டிங்கை நிறுத்தி வகுப்பெடுக்காதீர்கள். பாதிக்கப்பட்டவர்தான் எல்லோர் பார்வைக்கும் நடுவில் மாட்டுவார். அன்றே ஜோக் அடித்தவரைத் தனியே கூப்பிடுங்கள்: சொன்ன சொல்லைத் திருப்பிச் சொல்லி, மறுபடி நடந்தால் எழுத்தில் போகும் என்று சொல்லுங்கள். பிறகு பாதிக்கப்பட்டவரிடம், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

1995க்குப் பின் பிறந்த ஊழியர்களும் 1970களில் பிறந்த மேலாளர்களும் ஒரே அறையில் இருக்கிறார்கள். ‘எங்க காலத்துல இதெல்லாம் சகஜம்’ என்று ஒருவர் சொல்வார். அப்போதும் ஒருவருக்கு வலித்துக்கொண்டுதான் இருந்தது. சொல்ல வழிதான் இல்லை.

டீம் லீடுகள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இவை. இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்வது: அதிகாரம் குறைந்தவர் ‘பரவாயில்ல சார்’ என்பார், நீங்கள் முடிந்தது என்று நினைப்பீர்கள். ‘ஒரு ஊழியரைப் பற்றி ஜோக் அடித்ததாகப் புகார் வந்துள்ளது’ என்று எல்லோருக்கும் மெயில் போடுவது: பத்து நிமிடத்தில் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். புகார் சொன்னவரை வேறு ஷிஃப்டுக்கு மாற்றுவது: கேட்காமல் மாற்றினால் அது தண்டனை. பாலியல் தொடர்பானது என்றால் நீங்களாக விசாரிக்கவே கூடாது, குழுவுக்கு அனுப்புங்கள்.

ஜோக் அடித்தது நான்தான். இப்போது என்ன செய்ய?

‘யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கங்க’ என்பது மன்னிப்பு இல்லை. புண்பட்டவர் மேல் போடும் சந்தேகம். ‘நேத்து உங்க நிறத்தைப் பத்திச் சொன்னேன். தப்பு. இனிமே சொல்லமாட்டேன்.’ இவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் சொன்னதென்றால், அவர் சம்மதித்தால், எல்லோர் முன்னாலும் திருத்துங்கள். அவர் ‘பரவாயில்ல’ என்று சொல்லும்வரை பக்கத்திலேயே நிற்காதீர்கள். ஏற்கெனவே புகார் போய்விட்டது என்றால் அவரைத் தொடர்புகொள்ளவே வேண்டாம். வாபஸ் வாங்கச் சொல்லி நண்பரைத் தூது விட்டால் அதுவும் புகாரில் சேரும்.

புகார் கொடுத்த பிறகு யாரும் பேசுவதில்லை, வேலையும் தருவதில்லை. விலகிவிடலாமா?

முடிவு உங்களுடையது. விலகும் முன் இரண்டு காரியம். ஒன்று, ஒதுக்குவதையும் அதே முறையில் தேதியோடு குறித்து, புகாரின் தொடர்ச்சியாக எழுத்தில் கொடுங்கள்: எந்த மீட்டிங் அழைப்பு வரவில்லை, எந்த வேலை யாருக்கு மாற்றப்பட்டது என்று. இரண்டு, ராஜினாமாக் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று ஹெச்ஆர் சொல்லும் வாசகத்தை எழுதாதீர்கள். அந்த ஒரு வரியைப் பிற்பாடு உங்களுக்கு எதிராகவே காட்டுவார்கள். ‘இன்ன தேதியிட்ட என் புகார் நிலுவையில் உள்ளது’ என்று ஒரு வாக்கியம் இருக்கட்டும். விலகிய பிறகும், காலக்கெடுவுக்குள் இருந்தால், உள்ளகக் குழுவுக்குப் புகார் கொடுக்கலாம். ஏற்கெனவே கொடுத்தது தொடரும். விசாரணைக்கு வர உங்கள் சொந்த எண்ணையும் முகவரியையும் குழுவிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள், அலுவலக மின்னஞ்சல் கடைசி நாளன்று மாலையே முடங்கிவிடும்.